பதிப்பாசிரியர் இல்லாத படம்

பழம்படங்களை வட்டில் அடைத்து விற்போர், அட்டைப் பெட்டியின் மேல் 'சிறப்புப் பதிப்பு' என்று அச்சிட்டுவிடுகின்றனர். பதிப்பு என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரு கனம் உண்டு. சிதைந்த சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்து, பாடபேதங்களை ஒப்பு நோக்கி, கிடைக்காத இடத்தைக் கிடைக்கவில்லை என்றே குறித்துவைத்து, அதன் பின்னரே அச்சகத்தாரிடம் கொடுப்பதைத்தான் நம் முன்னோர் பதிப்பு என்றனர். உமறுப் புலவரின் சீறாப்புராணம் 1842-ஆம் ஆண்டு செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவரின் உழைப்பால் அச்சேறியதும், சீவக சிந்தாமணி 1887-ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையரின் கைவழி வெளிவந்ததும் இப்பொருளில்தான் பதிப்புகள். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, வேற்றுக் கிரகத்தைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்த 'கலை அரசி'யின் வட்டுகளை நோக்கினால், படம் கிடைக்கிறது, பதிப்பு கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

'கலை அரசி' 1963-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் திரைக்கு வந்தது. இயக்கம் ஏ. காசிலிங்கம், இசை கே.வி. மகாதேவன். எம்.ஜி.ஆர். நாயகன், பி. பானுமதி நாயகி, அயல் கிரகத்திலிருந்து இறங்கி வருபவர் எம்.என். நம்பியார். யூரி ககாரின் புவியை வலம் வந்து அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. தும்பாக் கடற்கரையிலிருந்து இந்திய மண்ணின் முதல் ராக்கெட் கிளம்பியது அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள். அதாவது நம்முடைய ராக்கெட்டை விட ஏழு மாதம் முந்திக்கொண்டு நம்முடைய திரைப்படம் விண்ணுக்குப் போய்விட்டது! இதற்கு முன்னரும் ஒரு முயற்சி நடந்ததுண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கரோடு கூட்டுச் சேர்ந்து 1952-இல் எடுத்த 'காடு' படத்தில், யானைகளுக்கு மயிர்ப் போர்வை போர்த்தி, அழிந்துபோன மாமூத் விலங்குகளாக உலவவிட்டனர். அதை வேடிக்கை என்று ஒதுக்கிவிடலாம். 'கலை அரசி'யை அப்படி ஒதுக்க இயலாது. அதில் ஒரு கருத்து இருக்கிறது.

அந்தக் கிரகத்தார் விஞ்ஞானத்தில் நம்மைக் கடந்தவர்கள். விண்கலம் அவர்களிடம் உண்டு. பாட்டும் ஆட்டமும் இல்லை. ஆகவே பூமிக்கு வந்து ஒரு பாடகியைக் கவர்ந்து செல்கின்றனர். மேனாட்டு விஞ்ஞானக் கதைகளில் வேற்றுலகத்தார் நிலத்தைப் பிடிக்க வருவர், நீரை எடுக்க வருவர், சில வேளைகளில் மனித இறைச்சிக்கும் வருவர். சங்கீதம் கற்றுக்கொள்ள ஆளைத் தூக்கிச் செல்ல வந்தவர்கள் தமிழ்ப் படத்தில்தான் வந்தனர். இதைக் கேட்டுச் சிரிப்போர் சிரிக்கட்டும். கருவிகள் பெருகப் பெருக மனம் வறளும் என்ற அச்சம் அந்நாளில் உலகெங்கும் இருந்தது. அந்த அச்சத்தை நம் மண்ணுக்குரிய வடிவில், ஒரு பாட்டுக்காரியைக் கடத்தும் கதையாக மாற்றிய கற்பனை எளிய கற்பனையன்று.

படம் முழுவதும் அக்கருத்துக்குத் தக்கவாறு அமைந்திருக்கிறதா என்றால், இல்லை. பாதிக்கு மேல் கிராமத்துக் காதலும், சொத்துக்கு ஆசைப்படும் மாப்பிள்ளையும், பானுமதியே ஏற்ற மற்றொரு வேடமான மனநிலை பிறழ்ந்த பெண்ணைக் கொண்டு நிகழும் ஆள்மாறாட்டமும் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கிரகத்துக் காட்சிகளில் அரங்க அமைப்பு ராஜா ராணிக் கதைகளின் அரண்மனையை அதிகம் நினைவூட்டுகிறது. ஆயினும் பானுமதியைத் தேர்ந்ததைப் பாராட்டியே ஆகவேண்டும். பின்னணிக் குரலுக்கு வாயசைக்கும் நடிகையாக இருந்திருந்தால் கடத்தலே பொய்யாகியிருக்கும். தம் பாட்டைத் தாமே பாடிய கலைஞர் அவர். கவர்ந்து செல்லத் தகுந்த குரல் உண்மையாகவே அவரிடம் இருந்தது.

இங்கேதான் வட்டுகளைப் பற்றிய நம் வழக்கு தொடங்குகிறது. பிற படங்களில் பாட்டு கதைக்கு இடையில் வரும் ஓய்வு. வெட்டினாலும் கதை ஓடும். 'கலை அரசி'யில் பாட்டுத்தான் கதைக்குக் காரணம். பாட்டை வெட்டினால் அந்தக் கிரகத்தார் எதற்காக வந்தார்கள் என்பதே விளங்காது. நேரத்துக்குள் அடக்குவதற்காக முதலில் பாட்டில் கை வைப்பது பழம்படங்களை ஒளிநாடாவிலும் வட்டிலும் ஏற்றியோரிடம் நெடுநாள் இருந்த பழக்கம். எண்பதுகளில் நம் ஏனாத்தூர்ப் பக்கத்துத் தறி வீதிகளில், விசேஷ நாட்களில் தொலைக்காட்சிப் பெட்டியையும் வீடியோ டெக்கையும் ஓர் இரவு வாடகைக்கு எடுத்து மூன்று படங்களை விடிய விடியப் பார்ப்பது வழக்கமாயிருந்தது. மூன்றாவது படத்தில் பாட்டு வந்தால் ஓட்டிவிடச் சொல்லும் குரல் கூட்டத்திலிருந்தே எழும். வெட்டுவோருக்குத் துணிவு அங்கிருந்தும் வந்திருக்கலாம்.

பிறகு வட்டுகள் வந்தன. வி.சி.டி. எனும் ஒளிக் குறுந்தகட்டில் ஒரு தகட்டுக்கு 74 நிமிடம் அளவே அடங்கும். ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று தகடுகள் வேண்டும். அதன் படச் சட்டத்தில் குறுக்கே 352 புள்ளிகளும் நெடுக்கே 288 புள்ளிகளும். டி.வி.டி.யில் 720-க்கு 576. ஏறத்தாழ நான்கு மடங்கு. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இந்த வேறுபாடு உயிர்நிலை போன்றது. வண்ணப் படத்தில் வண்ணம் கண்ணை ஏமாற்றிவிடும். கறுப்பு வெள்ளையில் ஒளியின் நுண்ணிய படிகள்தாம் அழகு. அவை குறுந்தகட்டில் சாம்பல் கூழாகிவிடுகின்றன. 2006-07 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு வி.சி.டி.யும் 34 ரூபாய்க்கு டி.வி.டி.யும் விற்கத் தொடங்கியபோது, பழம்படங்கள் மளிகைக் கடைவரை வந்து சேர்ந்தன. அது பெரிய தொண்டு என்பதில் ஐயமில்லை. ஏழை நெசவாளியின் வீட்டிலும் ஒரு படக் கொட்டடி உருவாயிற்று. ஆனால் 2018-இல் அந்நிறுவனம் கலைப்புக்கு உள்ளாயிற்று. வட்டு இயக்கும் கருவிகளும் வீட்டை விட்டுப் போயின. மலிவாக வந்தது மலிவாகவே மறைந்தது.

நம்மிடம் உள்ள பழம்பட வட்டுகளில் ஒன்றன் குறையைச் சொல்கிறோம். வெளியிட்டவர் பெயர் வேண்டாம். படம் முழுவதும் வலது மூலையில் நிறுவனத்தின் முத்திரை ஒளிர்கிறது. நள்ளிரவுக் காட்சியிலும் அது மட்டும் பட்டப்பகலாக இருக்கிறது. ஒரு பாட்டு இரண்டாம் சரணத்தில் அறுந்து அடுத்த காட்சியின் நடுவே விழுகிறது. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் ஓடும் பெயர்ப் பட்டியலை முக்கால் பங்கு கத்தரித்துவிட்டு, நாயகன் பெயரோடு நேரே கதைக்குத் தாவுவதைப் பொறுக்க முடியவில்லை. இது ஒரு வட்டின் குறை மட்டுமன்று. பெயர்ப் பட்டியலை யாரும் பார்ப்பதில்லை என்ற எண்ணம் பழம்படம் விற்போரிடையே பரவலாக உண்டு.

பார்ப்பவர்கள் உண்டு. 'கலை அரசி'யின் உரையாடலை எழுதியவர் ரவீந்தர். அப்பெயரைக் கண்டு வங்காளியோ வடநாட்டாரோ என்று எண்ணுவோர் உளர். அவர் நாகூர்க்காரர்; இயற்பெயர் காஜா முகைதீன். எம்.ஜி.ஆரின் கதை இலாகாவில் இருந்தவர். 1958-இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்துக்குக் கண்ணதாசனோடு இணைந்து வசனம் எழுதியவர். தம் பேனாவை உலகறியச் செய்யும் நாட்டம் இல்லாதவராக, பிறர் புகழுக்குப் பின்னால் நின்று உழைத்தவர். தமிழ் முஸ்லிம் எழுத்தாளர்கள் திரையுலகில் ஆற்றிய பணியைத் தொகுக்க நாளை ஒருவர் முற்பட்டால், அவர் முதலில் தேடுவது அந்தப் பெயர்ப் பட்டியலைத்தான். சுவடியின் பாயிரத்தைக் கிழித்துவிட்டு நூலை மட்டும் விற்ற வணிகரை நம் புலவர்கள் எப்படி நினைத்திருப்பர்? புனைபெயருக்குள் மறைந்தவரைப் பட்டியலிலிருந்தும் மறைப்பது இரண்டாம் முறை மறைப்பதாகும்.

மேனாட்டார் இவ்விஷயத்தில் செய்வதனைத்தும் சரி என்று நாம் சொல்ல வரவில்லை. ரிட்லி ஸ்காட்டின் 'பிளேடு ரன்னர்' 1982-இல் வந்த படம். 2007-இல் சேகரிப்பாளருக்கென்று அதை ஐந்து வட்டுகளாக, ஒரு கைப்பெட்டியில் வைத்து விற்றார்கள். பெட்டிக்குள் பொம்மைக் கார் ஒன்று, காகித மடிப்பு ஒற்றைக்கொம்புக் குதிரையின் உருவம் ஒன்று. இவை குழந்தைகளுக்கு உகந்தவை. ஆனால் அதே பெட்டியில் படத்தின் ஐந்து வடிவங்கள் இருந்தன: வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பிரதி, அமெரிக்கத் திரையரங்கில் ஓடியது, அயல்நாடுகளில் ஓடியது, 1992-இல் இயக்குநர் பெயரால் வந்தது, 2007-இல் இறுதியாகச் செப்பம் செய்தது. இறுதி வடிவில் ஒரு சண்டை நடிகையின் முகத்துக்கு மேல் உண்மை நடிகையின் முகத்தைக் கணினியால் பொருத்தினர். இத்தகைய திருத்தம் தகுமா என்று வாதிடலாம். வாதிடுவதற்குப் பழைய வடிவமும் பக்கத்திலேயே இருக்கிறது. அதுவே பாடபேத நேர்மை. இதற்கு நேர்மாறு 'ஸ்டார் வார்ஸ்'. 1977-இல் உலகம் கண்டு வியந்த படத்தில் 1997-இல் புதுக் காட்சிகளைப் புகுத்திய ஜார்ஜ் லூக்காஸ், பழைய வடிவத்தை 2006-இல் டி.வி.டி.யில் தந்தபோதும், முன்பு லேசர் வட்டுக்கு எடுத்த மங்கிய பிரதியைக் கொண்டே, உபரிப் பொருளாகத் தந்தார். ஆக்கியோனே தன் நூலின் முதற்பதிப்பை மறைக்க முனைந்த கதை இது.

நம் மனத்துக்கு உகந்தது வேறொன்று. ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபொலிஸ்' 1927 சனவரியில் பெர்லினில் திரையிடப்பட்டு, சில திங்களிலேயே வெட்டிச் சுருக்கப்பட்டது. வெட்டிய பகுதிகள் போயின என்று எண்பது ஆண்டுகள் எண்ணியிருந்தனர். 2008-இல் புவனோஸ் அயர்ஸ் அருங்காட்சியகம் ஒன்றில் 16 மில்லிமீட்டர்ச் சுருளாக அவற்றில் பெரும்பகுதி கிடைத்தது. 2010-இல் அதைச் சேர்த்து வெளியிட்டோர், கீறல் விழுந்த அப்பகுதிகளைக் கீறலோடும் சிறிய சட்ட அளவோடும் வைத்தனர். எங்கும் கிடைக்காத காட்சிகளை எழுத்து அட்டையால் சொல்லிவிட்டுச் சென்றனர். நம் காஞ்சிப் பட்டில் கோர்வை என்பார்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் தறியிலேயே பிணைப்பர். சேர்ந்த இடம் பல் பல்லாகத் தெரியும். தெரிவது குறையன்று, அதைப் பார்த்துத்தான் அறிந்தவர்கள் விலை சொல்வர். 'மெட்ரோபொலிஸ்' பதிப்பில் கோர்வை தெரிகிறது.

பட்டைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. பழைய பட்டுப் புடவை இருக்கிறதா என்று கேட்டு வீதியில் வரும் வியாபாரிகளை இப்பக்கத்தில் எல்லாரும் அறிவர். அவர்கள் வாங்குவது புடவையையன்று, சரிகையிலுள்ள வெள்ளியை. எரித்து, உருக்கி, எடுத்துக்கொள்வர். கறுப்பு வெள்ளைப் படச்சுருளிலும் வெள்ளி உண்டு. நம் நாட்டின் பழம்படங்கள் பல அந்த வெள்ளிக்காகவே கரைக்கப்பட்டன. மிச்சமான சுருள் வளையலுக்கும் கைப்பைக்கும் போயிற்று. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதா'ஸின் ஒரு பிரதியும் இன்றில்லை. புனேயில் 1964-இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்து, பி.கே. நாயர் என்ற தனி மனிதரின் பித்து ஆயிரக்கணக்கான படங்களைக் காத்தது. அங்கும் 2003 சனவரியில் தீப்பிடித்துப் பழைய நைட்ரேட் சுருள்கள் அழிந்தன. 2022-இல் அக்காப்பகம் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. 

செப்பம் செய்த பழம்படத்துக்குத் தமிழர் காசு கொடுக்கமாட்டார் என்ற பேச்சு பொய்யாகிவிட்டது. 2012-இல் 'கர்ணன்', 2014-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' ஆகியவை கணினி வழியே புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குக்கு வந்தபோது மக்கள் வரிசையில் நின்றனர். இரண்டும் வண்ணப் படங்கள், பெரும் புகழ் பெற்றவை. 'கலை அரசி'க்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. ஆனால் சட்டம் இப்போது ஒரு கதவைத் திறந்திருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு திரைப்படத்தின் உரிமை அது வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு நிற்கும். 1963-இல் வந்த படங்களின் உரிமை 2023 டிசம்பரோடு முடிந்தது. இசைக்கும் எழுத்துக்கும் உள்ள தனி உரிமைகளைக் கேட்டறிய வேண்டும் என்பது வேறு. படம் என்ற அளவில் அது இன்று பொதுச் சொத்து. இதன் பொருள், கத்தரிக்கோல் உள்ள எவரும் இனி அதை வெட்டலாம் என்பதும், உழைக்க மனமுள்ள எவரும் அதற்கு ஒரு பதிப்பு காணலாம் என்பதுமாகும்.

நமக்கு வேண்டிய பெட்டியில் பொம்மை விண்கலம் வேண்டாம். கிடைக்கும் பிரதிகளில் எது நீளமானதோ அதை அடிப்படையாகக் கொள்ளட்டும். பாட்டுகள் முழுமையாக இருக்கட்டும். குறைந்த இடத்தைக் குறைந்தது என்று அட்டை போட்டுச் சொல்லட்டும். உடன் ஒரு சிறு நூல் இருக்கட்டும். தணிக்கைச் சான்றில் குறித்த நீளமும், அந்நாளைய பாட்டுப் புத்தகமும், நாகூர் காஜா முகைதீன் ரவீந்தராக வாழ்ந்த வரலாறும் அதில் இடம்பெறட்டும். தொடக்கத்துப் பெயர்ப் பட்டியல் ஓர் அட்டையும் குறையாமல், அந்நாளில் திரையில் நின்ற அதே நேரம் நிற்கட்டும். மூலையில் முத்திரை வேண்டாம்.