ரஷீத் தாஹா பாடல்களில் கூற்றும் களனும்

அல்ஜீரியப் பாடகர் ரஷீத் தாஹாவை (1958–2018) மரபிசையையும் ராக் இசையையும் கலந்தவர் என்றே திறனாய்வாளர் பெரிதும் சுட்டுவர். கலப்பு என்னும் சொல் அவர்தம் தனித்தன்மையை விளக்கப் போதுமானதன்று.

பத்து வயதில் பிரான்சுக்குப் பெயர்ந்த தாஹா, லியோன் நகரில் தொழிலாளியாக இருந்தபோது நண்பர்களுடன் அமைத்த இசைக்குழுவின் பெயர் 'கார்த் த செஜூர்'. வசிப்புரிமை அட்டை என்பது அதன் பொருள். 1986இல் இக்குழு, ஷார்ல் த்ரெனே 1940களில் பாடிப் புகழ்பெற்ற 'தூஸ் பிரான்ஸ்' பாடலை எடுத்துப் பாடியது. பிறந்த மண்ணின் இனிமையை நினைந்துருகும் பாடல் அது. சொற்கள் மாறவில்லை, பாடுவோர் மாறினர். வாழும் உரிமையை அட்டை காட்டி மெய்ப்பிக்க வேண்டியவர் பாடும்போது அவ்வுருக்கமே எள்ளலாகிறது. கூற்று, கேட்போர், களன் ஆகியவற்றையும் செய்யுளுறுப்பாகக் கொண்ட தொல்காப்பியச் செய்யுளியல் இங்கு நினையத்தக்கது.

'திவான்' (1998) தொகுப்பிலுள்ள 'யா ராயா' இதனினும் நுட்பமானது. புலம்பெயர்ந்த தொழிலாளரிடையே வாழ்ந்த தஹ்மான் எல் ஹராஷி இயற்றிய ஷாபி பாடல் இது; புறப்படுபவனை விளித்து, அவன் திரும்பிவருவான் என்கிறது. தாஹா இதில் மின்னிசையை முன்னிறுத்தவில்லை, நரம்புக்கருவிகளே மேலோங்குகின்றன. ஹராஷி தலைமுறைக்குத் திரும்புதல் ஒரு நம்பிக்கை. பிரான்சிலேயே வளர்ந்த தாஹாவின் தலைமுறைக்கோ அது பெற்றோரின் சொல் மட்டுமே. நடன அரங்குகளில் இதனைக் கொண்டாடியோருள் பலர் இவ்வேறுபாட்டைச் செவிமடுத்தனர் எனத் தோன்றவில்லை.

பிரான்சில் காலமான தாஹா, அல்ஜீரியாவில் தாம் பிறந்த சிக் நகரில் அடக்கம் செய்யப்பட்டார்.