கத்தரி விழுந்த இடம்

ஷேக்ஸ்பியரை முழுமையாகக் கற்பிப்பதா, சுருக்கிக் கற்பிப்பதா? திருப்பூர் வட்டாரத்து வகுப்பறைகளில் இக்கேள்விக்கு விடை முன்னரே எழுதப்பட்டுவிட்டது. சுருக்கம்தான்! 2019இல் வெளிவந்த தமிழ்நாட்டு அரசின் பத்தாம் வகுப்பு ஆங்கில நூலில் 'டெம்பெஸ்ட்' நாடகமாக இல்லை. துணைப்பாடக் கதையாக இருக்கிறது. தந்தை கட்டிங், தாய் செக்கிங் என்று பனியன் கம்பெனியிலே உழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு, நானூறாண்டுப் பழைய ஆங்கிலம் கடினமன்றோ என்பர். கடினந்தான், மறுப்பாரில்லை. ஆயின், சுருக்கும்போது எது போகிறது என்று பார்த்தனரா?

இத்தகைய கதைகள் பலவற்றுக்கும் வழிகாட்டி, 1807இல் இலண்டனில் வெளிவந்த லாம் உடன்பிறப்புகளின் நூல். கதைகள் இருபது. அவற்றுள் பதினான்கை எழுதியவர் தமக்கை மேரி; 'டெம்பெஸ்ட்' அவர் எழுதியதே. முகப்பிலே பொறிக்கப்பட்டதோ தம்பி சார்லசின் பெயர் மட்டும்! ஆண்பிள்ளைகள் இளமையிலேயே தந்தையின் நூலகத்துள் நுழையலாம், பெண்பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை, ஆகவே முதன்மையாக அவர்களுக்கே இந்நூல் என்கிறது முன்னுரை. முழுமை ஒருவருக்கு, மிச்சம் மற்றவருக்கு! அந்தப் பங்கீட்டிலே பிறந்ததுதான் இச்சுருக்கம்.

இனி, கலிபனைப் பார்ப்போம். விறகு சுமக்கும் அடிமை அவன். என்ன கற்பித்தும் ஏறாத பிறவி என்று அவனை ஏசுகிறான் ஆண்டை பிராஸ்பரோ. அடிமை வாய்மூடி நிற்கவில்லை. தீவு தன் தாய்வழி உரிமை, அதைப் பறித்தவன் நீ என்று முகத்துக்கு நேரே கூறுகிறான். நீ கற்பித்த மொழியால் நான் கண்ட பயன் உன்னைச் சபிப்பதே என்கிறான். அவன் குற்றமற்றவனல்லன், மிராண்டாவைக் கெடுக்க முயன்றவன், அதற்கு நாணாதவன். இரண்டையும் நம் முன் வைக்கிறது நாடகம்.

லாம் கதையிலோ அந்த உரிமைக்குரல் இல்லை. தாயிடமிருந்து வந்த தீய இயல்பு அவனை நல்லதெதையும் கற்கவிடவில்லை, ஆகவே அடிமை வேலை தரப்பட்டது என்று கதை சொல்பவரே கூறிவிடுகிறார். நாடகத்திலே ஆண்டையின் வசை. கதையிலே அதுவே தீர்ப்பு! பிறப்பால் படிப்பு ஏறாதவன், ஆகவே ஏவல் செய்யப் பிறந்தவன்! எங்கோ கேட்ட குரலாக இல்லையா, தோழர்களே?

முழு நாடகத்தையும் நடத்துக என்று நாம் கூறவில்லை. 5 அங்கம், 9 காட்சி, பாடவேளை இடந்தராது. வெட்டத்தான் வேண்டும். நம்மூர்க் கட்டிங் மாஸ்டர், கழிவு எது, உடுப்பாக வேண்டியது எது என்று அறிந்தே கத்தரி வைப்பார். நான்காம் அங்கத்திலே தேவதைகள் வந்து மணமக்களை வாழ்த்தும் கூத்து இருக்கிறதே, அது போனால் நமக்கொன்றும் இழப்பில்லை!

முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியிலே கலிபன் நுழைந்து வெளியேறும் பகுதி, ஐம்பது வரிகளுக்குச் சற்று மேல், அவ்வளவே. கதையைக் கதையாக நடத்திவிட்டு, இப்பகுதியை மட்டும் மூலச் சொற்களிலேயே, பக்கத்தில் தமிழ்ப் பொருள் எழுதித் தரலாம். ஒருவர் பிராஸ்பரோ, ஒருவர் மிராண்டா, ஒருவர் கலிபன் என எழுந்து நின்று படிக்க இரண்டு பாடவேளை போதும். பின்பு, தீவு யாருடையது என்று மாணவரையே கேட்கலாம். தமிழில் விடை சொன்னாலும் ஏற்கலாம்.