ரூபே: ஆலைகள் மூடின, மூலதனம் எங்கே போனது?

பிரான்சின் வடக்கே, பெல்ஜிய எல்லைக்கு அருகில், லீல் நகரத்தை ஒட்டியிருக்கும் ரூபேயைப் பற்றி இரண்டு கதைகள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. கம்பளி ஆலைகள் மூடப்பட்டதோடு நகரம் செத்துவிட்டது என்பது ஒன்று. அருங்காட்சியகம், மலிவு விலைக் கடைத்தொகுதி, கணினி நிறுவனம் என்று நகரம் மறுபிறப்பு எடுத்துவிட்டது என்பது மற்றையது. அபிவிருத்தி நிபுணர்கள் முதலாவதை முன்னுரையாகவும் இரண்டாவதை முடிவுரையாகவும் வைத்துக்கொள்கிறார்கள். ஆலைகளில் திரண்ட பணம் எங்கே போனது, அங்கே உழைத்த குடும்பங்கள் இன்று எங்கே நிற்கின்றன என்ற கேள்வி இரண்டிலும் இல்லை.

"ஆயிரம் புகைபோக்கிகளின் நகரம்" என்று பெயரெடுத்த ஊர் இது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு வாழ்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் பெல்ஜியத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பின்னர் போலந்து, இத்தாலி, போர்த்துக்கல், அல்ஜீரியா என்று மலிவான உழைப்பு தேவைப்பட்ட போதெல்லாம் வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த 'லெனியேர் து ரூபே' நூற்பாலை 2000ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

ஆசியாவின் மலிவுக் கூலியோடு போட்டியிட முடியவில்லை என்பதே இதற்கு வழமையாகச் சொல்லப்படும் காரணம். இது பாதி உண்மைதான். 1974 முதல் 2004 முடியும்வரை பல்நார் உடன்படிக்கை, ஏழை நாடுகளிலிருந்து வரும் துணிக்கு அளவுக் கட்டுப்பாடு விதித்திருந்தது. அந்தப் பாதுகாப்பு இருந்த காலத்திலேயே ரூபேயின் ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. புதிய இயந்திரங்கள் ஆட்களைக் குறைத்தன, செயற்கை இழைகள் கம்பளியின் இடத்தைப் பிடித்தன. இவற்றைவிட முக்கியமானது, முதலாளிகள் துணி செய்வதைக் காட்டிலும் துணி விற்பதில் இலாபம் கூட என்று கண்டுகொண்டதாகும்.

முலியே குடும்பம் இதற்கு நல்ல உதாரணம். 'பில்டார்' நூல் மூலம் வளர்ந்த இக்குடும்பத்தின் வாரிசு ஒருவர் 1961இல் ரூபேயில் ஒரு கைவிடப்பட்ட ஆலைக் கட்டிடத்தில் கடை திறந்தார். அதுவே ஓஷான். குடும்ப வட்டத்திலிருந்து 1976இல் டெக்கத்லோனும் 1978இல் கியாபியும் வந்தன. இன்று பிரான்சின் பெரும் செல்வக் குடும்பங்களில் இதுவும் ஒன்று. நம்மில் பலர் வார இறுதியில் பொருள் வாங்கப் போவதும் இந்தக் கடைகளுக்குத்தான். 2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, இடிபாடுகளுக்குள் ஓஷானின் உடுப்புப் பெயரட்டைகளும் கிடந்தன. தாம் அங்கே நேரடியாகத் தைக்கக் கொடுக்கவில்லை என்று நிறுவனம் கூறியது. எப்படியிருந்தாலும், ரூபேயில் மூலதனம் செத்துவிடவில்லை என்பது இதிலிருந்து தெளிவு. அது தொழிலாளியை மாற்றிக்கொண்டு கடைக்குள் குடிபுகுந்தது.

கம்பளி ஆலையாகத் தொடங்கித் தபால் மூல வியாபாரமாக மாறிய லா ரெடூட்டின் கதையும் இதுவே. 2014இல் அது பெயரளவிலான ஒரு யூரோ விலைக்குக் கைமாறியது. கூடவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகள் நீக்கப்பட்டன.

இனி மறுபிறப்புக் கதைக்கு வருவோம். 1932இல் சோசலிச நகரபிதா லெபாவின் காலத்தில் திறக்கப்பட்ட நீச்சல் தடாகம், குளியலறை இல்லாத தொழிலாளர் குடும்பங்கள் குளிப்பதற்கும் பயன்பட்டது. 1985இல் மூடப்பட்டு, 2001இல் 'லா பிசின்' அருங்காட்சியகமாகியது. அழகான அருங்காட்சியகம்தான், அதில் சந்தேகமில்லை. மோத்-போசு நூற்பாலையில் 1993 முதல் தொழில் உலகத்தின் தேசிய ஆவணக் காப்பகம் இயங்குகிறது. 1999இல் இதே ஊரில் தொடங்கப்பட்ட ஓவிஎச் ஐரோப்பாவின் பெரிய கணினி நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்துள்ளது. இவற்றை யாரும் வேண்டாமென்று சொல்லப்போவதில்லை.

ஆனால் இங்கே வாழ்பவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் இன்னமும் வறுமைக் கோட்டுக்குக் கீழேயே இருக்கிறார்கள். ஆலை, பிரெஞ்சு எழுதத் தெரியாதவரையும் வேலைக்கு எடுத்தது. கணினிக் கூடம் அவரை எடுக்காது. கட்டிடங்களுக்குப் புதுவாழ்வு கிடைத்ததையே மக்களுக்கும் கிடைத்ததாகக் கணக்கெழுதுவதுதான் இந்த அபிவிருத்திப் பார்வையின் அடிப்படைப் பிழை.

இந்தப் பிழை மூன்றாவது கதை ஒன்றுக்கும் இடம் கொடுத்துவிட்டது. வெளிநாட்டவரால்தான் நகரம் கெட்டது என்பது அந்தக் கதை. 2022இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி ரூபேயைத் தீவிர இஸ்லாத்தின் கூடாரமாகக் காட்டிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. பாதிப்பேர் வெளிநாட்டவராக இருந்த காலத்தில்தான் இந்நகரம் செழித்தது என்பதை அங்கே யார் நினைவுபடுத்துவது? வேலைக்காக அழைக்கப்பட்டு, வேலை போனபின் குற்றவாளியாக்கப்படுவது எப்படியென்று அகதிகளாகிய நமக்கும் விளங்கும்.

அப்படியானால் இப்பிரதேசத்துக்கு எதிர்காலமே இல்லையா? இருக்கிறது. துணித்தொழில் பொறியியலைக் கற்பிக்கும் 'என்செத்' இன்றும் ரூபேயில் இருக்கிறது. லினன் துணிக்கான ஆளி நாரை உலகில் அதிகமாக விளைவிப்பது பிரான்ஸ். ஆனால் அதன் பெரும்பகுதி நூற்கப்படுவது சீனாவில். முன்னர் போலந்துக்குப் போய்விட்ட சபிலின் நிறுவனம், 2022இல் இதே பிரதேசத்தின் பெத்தூன் நகரில் மீண்டும் லினன் நூற்கத் தொடங்கியது. கிடைத்த வேலைகள் சில டசின்களே. ஆயினும் நாரும் அறிவும் பக்கத்திலேயே இருக்கும் ஒரு தொழிலுக்கு இங்கே காலூன்ற இடமுண்டு என்பதை அது காட்டுகிறது.

இத்தகைய முயற்சிகளுக்குப் பொதுப்பணம் கொடுக்கப்படும்போது நிபந்தனைகளும் வேண்டும்: இந்தக் குடியிருப்புகளின் இளைஞர்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி, எத்தனை பேர் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள் என்ற பகிரங்கக் கணக்கு, இடம்பெயர்ந்து போனால் பெற்ற உதவியைத் திருப்பிக் கொடுத்தல். முதலாளிகள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். எந்த நிபந்தனையும் இல்லாதிருந்தபோதும் அவர்கள் போய்விட்டார்கள் என்பதே ரூபேயின் அனுபவம்.