பசுமை வீடும் முதிய உடலும்

2021-ஆம் ஆண்டுக்கான மக்கள்தொகைக் கணிப்பின்படி, தமிழ்நாட்டில் நூறு பேரில் ஏறத்தாழ 14 பேர் அறுபதைக் கடந்தவர்கள். கேரளத்தில் அது 16-ஐயும் தாண்டுகிறது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்க, பெற்றோருக்கென்றே கட்டப்படும் குடியிருப்பு வளாகங்கள் கோவையைச் சுற்றிப் பெருகியிருப்பது இந்தப் பின்னணியில்தான். மருத்துவ வசதி, மூன்று வேளைச் சாப்பாடு என்று விளம்பரம் செய்துவந்த இவை, இப்போது 'பசுமை வீடு' என்றும் சொல்லிக்கொள்கின்றன. சூரிய மின்தகடு, மழைநீர்ச் சேகரிப்பு, செங்கல் ஜாலி (காற்று புகத் துளைகள் விட்டுக் கட்டும் சுவர்), ஓடு பதித்த கூரை எல்லாம் இருக்கின்றன. இவற்றால் அங்கே குடியிருக்கும் முதியவருக்கு என்ன நன்மை என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

நன்மை உண்டு. முதலாவது, வெப்பத் தணிப்பு. வயதாக ஆக வியர்ப்பது குறைகிறது, தாகமும் சரியாகத் தெரிவதில்லை. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் உடலின் நீரை மேலும் குறைக்கின்றன. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை இரவில் அதைத் திருப்பிக் கக்கும்போது இளைஞருக்குத் தூக்கம்தான் கெடும், முதியவருக்கு உயிருக்கே ஆபத்து வரலாம். ஏ.சி. போடலாம், மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும். கட்டடமே வெப்பத்தைத் தடுத்தால் அந்தக் கவலை பெருமளவு குறைகிறது.

இதற்கான வழிகளைத் திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பல பத்தாண்டுகள் கட்டிக் காட்டினார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்திவைத்து, நடுவில் இடைவெளி விட்டுக் கட்டும் 'ராட் டிராப்' சுவரில் ஏறத்தாழ கால் பங்குச் செங்கல் மிச்சமாகிறது. உள்ளே நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. 'ஃபில்லர் ஸ்லாப்' கூரையில், கான்கிரீட்டுக்கு வேலையில்லாத அடிப்பகுதியில் ஓடுகளை வைத்துச் சிமெண்டை மிச்சப்படுத்துகிறார்கள். மின்கட்டணமும் குறைவதால், ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவருக்கு இது மாதாமாதம் தெரியும் லாபம்.

இரண்டாவது, வெளிச்சம். இருபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டுகிறது. பகல் வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விடும் வீடு முதியவருக்கு அவசியத் தேவை.

சிக்கல் இதற்குப் பிறகுதான். பசுமைக்கு ஒரு பட்டியல், முதுமைக்கு ஒரு பட்டியல் என்று இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொண்டு கட்டுகிறார்கள். இரண்டும் மோதும் இடத்தை யாரும் கவனிப்பதில்லை.

பெரும்பாலும் அவை மோதுவது குளியலறையில். மேலே புகழ்ந்த அதே ராட் டிராப் சுவர் உள்ளே வெற்றிடம். கமோடுக்குப் பக்கத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிறகு துளைபோட்டு மாட்டினால், எழுந்திருக்க ஒருவர் முழு எடையையும் போட்டு இழுக்கும்போது அது பெயர்ந்து வரக்கூடும். கம்பி வரும் இடத்தை முன்கூட்டியே குறித்து அங்கே மட்டும் கான்கிரீட் நிரப்பிவிட்டால் பிரச்சினையே இல்லை; செலவும் சொற்பம். ஆனால் கம்பி வைப்பது கடைசி நேர வேலையாகவே இருக்கிறது.

மின்சாரத்தை மிச்சப்படுத்த அசைவை உணர்ந்து எரியும் விளக்கு வைக்கிறார்கள். மலச்சிக்கலோடு பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருப்பவர், ஆளில்லை என்று விளக்கு அணைந்தபின் இருட்டில் எழுகிறார். கோடையில் சூரிய வெந்நீர்க் கருவியிலிருந்து வரும் தண்ணீர், கொதிக்கும் சூட்டில் இருக்கும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு இல்லையென்றால் மெலிந்த தோல் வெந்துவிடும். ஜாலிச் சுவர் தரையில் விரிக்கும் ஒளியும் நிழலும் படத்துக்கு அழகு. பார்வை மங்கியவருக்கோ அது படியா, பள்ளமா என்ற குழப்பம்.

மரபு வீட்டை அப்படியே நகல் எடுப்பதிலும் இதே ஆபத்து உண்டு. திண்ணையும் முற்றமும் காற்றைத் தரும், பேச்சுத்துணையையும் தரும். ஆனால் உயர்ந்த நிலைப்படியும், மழைச்சாரலில் நனைந்த காவித்தரையும் இடுப்பெலும்பை முறிக்கும். மரபின் குளுமையை எடுத்துக்கொண்டு அதன் படிகளை விட்டுவிடுகிற துணிவு கட்டடக் கலைஞருக்கு வேண்டும்.

இன்னொரு பெரிய குறை, இடம். நிலம் மலிவு என்பதால் பல வளாகங்கள் ஊருக்கு வெளியே எழுகின்றன. மருத்துவரைப் பார்க்க, வங்கிக்குப் போக, உறவினர் வந்துபோக எல்லாவற்றுக்கும் கார்தான். கூரையில் மிச்சமாகும் மின்சாரத்தைப் பேசுகிற விளம்பரம், சாலையில் எரியும் பெட்ரோலைப் பேசுவதில்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. வீட்டின் வெளிச்சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பத்துக்கு வரம்பு வைக்கும் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' 2018-இல் வந்தது. ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி நெறிமுறையை மத்திய அரசு 2019-இல் வெளியிட்டது. மாதிரி என்பதால், மாநிலம் ஏற்று விதியாக்கினால்தான் அதற்கு வலு. வெப்பத்துக்கு ஒரு நூல், முதுமைக்கு ஒரு நூல் என்று அரசும் பிரித்தே பார்க்கிறது.

என் தீர்ப்பு இது: முதியோருக்கான பசுமை வீடு என்ற எண்ணம் சரி, செயலாக்கம் அரைகுறை. சொந்த வீட்டிலேயே தொடர முடிந்தவர்களுக்கு, புது வீட்டைவிடப் பசுமையானது பெரும்பாலும் அவர்கள் ஏற்கெனவே வாழும் வீடுதான். தரைத்தளத்தில் ஒரு படுக்கையறை, ஒட்டிய குளியலறை, நிலைப்படிக்குப் பதில் சரிவு, மொட்டைமாடியில் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் என்று மாற்றினால் புதிதாகச் சிமெண்டும் கம்பியும் அதிகம் தேவைப்படாது, தெரிந்த தெருவையும் மனிதர்களையும் இழக்க வேண்டாம். தனிமையில் தவிப்பவருக்கும் சமைக்க முடியாதவருக்கும் வளாகம் நல்ல தீர்வே, அதை மறுப்பதற்கில்லை.

வளாகத்தில் வீடு வாங்கப் போகிறவர்கள் நான்கு கேள்விகள் கேளுங்கள். கைப்பிடிக் கம்பி மாட்டும் சுவர் உள்ளே நிரப்பப்பட்டதா? உள்ளே விழுந்தவர் கதவை அடைத்துக் கிடந்தாலும் திறக்கும்படி, குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா? மின்சாரம் இல்லாத மே மாத மதியத்தில் படுக்கையறையில் இருக்க முடியுமா? காரில்லாமல் மருந்துக்கடைக்குப் போய்வர முடியுமா? நேரான பதில் வராவிட்டால், பசுமைச் சான்றிதழை மட்டும் நம்பி முன்பணம் கட்டாதீர்கள்.