பரிசை

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில், பத்மநாபசாமி கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது சி.வி.என். களரி என்னும் போர்க்கலைப் பயிற்சிக்கூடம். சி.வி. கோவிந்தன்குட்டி நாயர் 1956இல் தொடங்கியது. தரைமட்டத்துக்குக் கீழே 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாக ஒரு மண்தளம். காலைப் பயிற்சியை மேலே நின்று பார்க்கலாம்.

வாளும் பரிசையும் இறங்கும் நேரத்துக்காகவே நான் காத்திருப்பேன். பரிசை, அதாவது கேடயம், நம் தமிழிலும் உள்ள சொல்தான், மலையாளத்தில் ‘பரிச’. தொல்காப்பியர் உழிஞைத் திணையில் கேடயத்துக்கென்றே ஒரு துறை வைத்தார். அங்கே அதன் பெயர் ‘தோல்’.

கேடயம் என்றால் பின்னால் ஒளிந்துகொள்ளும் பலகை என்றுதான் நினைத்திருந்தேன். ரோமானியப் படைவீரனின் நீண்ட கேடயம் அப்படித்தான்: தோள் முதல் முழங்கால் வரை மறைக்கும், வரிசையாக நின்றால் மதிலாகிவிடும். களரிப் பரிசையோ சிறு வட்டம். உடம்பை அது மூடாது. உடம்புதான் அதற்குள் அடங்க வேண்டும். அதனால்தான் அந்தத் தாழ்ந்த இடுப்பு, அந்தப் பதுங்கல். வெட்டு விழப்போகும் இடத்தில் பரிசை முந்திக்கொண்டு நிற்கிறது. நேராக வாங்காமல் சற்றே சாய்ந்து, வீச்சை வழுக்கிவிடுகிறது. அதன் மறைவிலிருந்தே எதிர்வெட்டு புறப்படுகிறது. மரப்பிடிச்ச குந்தம் என்னும் பயிற்சியில் இதன் அருமை இன்னும் துலங்கும். எதிரே நீண்ட ஈட்டி. வாளுக்கு அந்த எட்டம் கிடையாது. ஈட்டிமுனையை ஒதுக்கி வாள்காரனை உள்ளே கூட்டிப்போவது பரிசைதான்.

கவசம் கிடையாது. வேகத்தையே நம்பும் இந்த முறையில், இந்த ஊர்ப் புழுக்கத்தில், இரும்புச் சட்டை சுமைதான். இறுக்கிக் கட்டிய கச்சை, எண்ணெய் தேய்த்து உழிந்து பதப்படுத்திய மேனி, அவ்வளவே. மெய்யே கண்ணாக வேண்டும் என்பது களரிக்காரர் வாக்கு.

துப்பாக்கி வந்தபின் போர்க்களத்தில் பரிசைக்கு வேலையில்லை. வழக்கொழிய இருந்த வித்தையை, கடந்த நூற்றாண்டின் முற்பாதியில் வடகேரளத்தில் கோட்டக்கல் கணாரன் குருக்களும் அவர் மாணவர் சி.வி. நாராயணன் நாயரும் மீட்டார்கள். கோவிந்தன்குட்டி நாயர் அந்த நாராயணன் நாயரின் மகன்.

பங்குனி உற்சவத்தில் கோயிலின் கிழக்கு நடையில், பிரம்மாண்டமான பாண்டவர் உருவங்களுக்கு முன்னே வேலகளி என்னும் நடனம் ஆடுவதும் இங்குள்ள மரபு. வண்ணம் தீட்டிய பரிசைகள் தாளத்துக்கு ஏறி இறங்கும். கண்ணுக்கு அழகு அதுதான். ஆனால் பரிசை எதற்காகப் பிறந்தது என்பதைக் களரிதான் காட்டும்.

கோயிலுக்குப் போகிறவர்கள் ஒருநாள் காலையில் அங்கேயும் எட்டிப் பாருங்கள். வலக்கையை விட்டுவிட்டு, இடக்கையை மட்டும் கவனியுங்கள்.