பந்து என்ன விலை?

பேட்டும் பந்தும் சேர்ந்து 110 ரூபாய். பந்தைவிட பேட் 100 ரூபாய் அதிகம். பந்து என்ன விலை? கேட்டவுடன் வாயில் வருவது "பத்து". 2005இல் ஆய்வாளர் ஷேன் ஃப்ரெடெரிக் இதே கணக்கை டாலரில் கேட்டபோது, பெரிய பல்கலைக்கழக மாணவர்களே பலர் சறுக்கினார்கள். பந்தின் விலையை 'ப' என்று வைத்துக்கொள்வோம். பேட், ப + 100. கூட்டினால் 2ப + 100 = 110. பந்து ஐந்தே ரூபாய்!

இயற்கணிதத்தின் ருசி இங்கேதான். விடை தெரியுமுன்பே அதற்கு ஒரு பெயர் வைத்து, தெரிந்த தொகை போலவே கூட்டிக் கழிக்கலாம். மனம் விடைக்குத் தாவும். சமன்பாடோ சொன்னதைச் சொன்னபடி எழுதவைக்கும்.

இன்னொரு கணக்கு: பில் தொகை, 18 சதவீத ஜிஎஸ்டியோடு 1,180 ரூபாய். வரிக்கு முந்தைய விலை? 1,180இல் 18 சதவீதத்தைக் கழித்தால் 967 ரூபாய் 60 காசு வரும். தப்பு. வரி போட்டது அடிப்படை விலைமேல், மொத்தத்தின்மேல் அல்ல. விலை 'வி' என்றால், 1.18வி = 1,180. வகுத்தால் சுளையாக ஆயிரம்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இயற்கணித நூல் எழுதிய அல்-குவாரிஸ்மியும் அதன் ஒரு பெரிய பகுதியைச் சொத்துப் பங்கீட்டுக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். காசு விஷயத்தில் ஊகம் உதவாது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

சமன்பாட்டில் இன்னொரு சௌகரியம்: விடை சரியா என்று வாத்தியாரைக் கேட்க வேண்டாம். பில் கணக்கில், ஆயிரத்தோடு அதன் 18 சதவீதமான 180ஐக் கூட்டிப் பார்த்தால் போதும்.