கென்ஷினை யாருக்குப் பரிந்துரைப்பது?

அனிமே ரசிகர்கள் பரிந்துரையில் கறாரானவர்கள். ‘ஸ்டெயின்ஸ் கேட்’ பார்க்கச் சொன்னால், தொடக்கம் மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ‘மடோகா மேஜிகா’ என்றால், மூன்றாவது எபிசோட் முடியும்வரை எழுந்துவிடாதே என்பார்கள். அதற்குமேல் துருவினால் ஸ்பாய்லர் என்று வாயை மூடிக்கொள்வார்கள். 1996இல் தொடங்கிய ‘ருரோனி கென்ஷின்’ தொடருக்கு வந்தால் கணக்கு இன்னும் துல்லியம். மொத்தம் 95 எபிசோட். கியோட்டோ ஆர்க் என்ற கதைப்பகுதி 62இல் முடிகிறது. அதன்பிறகு வருவது மூலமான மங்காவில், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையில், இல்லாத ஃபில்லர், பார்க்காவிட்டால் நஷ்டமில்லை.

இவ்வளவு சொல்பவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. அந்த மங்காவை எழுதி வரைந்த நொபுஹிரோ வாட்சுகி, குழந்தைகளை ஆபாசமாகப் படம்பிடித்த டிவிடிகளை வைத்திருந்ததற்காக 2017 நவம்பரில் குற்றம்சாட்டப்பட்டார். தோக்கியோவில் உள்ள அவருடைய அலுவலகத்திலேயே அவை கிடைத்தன. 2018 பிப்ரவரியில் அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனை 2 லட்சம் யென் அபராதம். இத்தகைய படங்களைச் சொந்தத்துக்கு வைத்திருப்பதே குற்றம் என்று ஜப்பான் சட்டத்தைத் திருத்தியது 2014இல்தான். அதிகபட்சத் தண்டனை ஓராண்டுச் சிறை அல்லது 10 லட்சம் யென் அபராதம். வழக்கு வந்ததும் ‘ஜம்ப் ஸ்கொயர்’ இதழில் வந்துகொண்டிருந்த கென்ஷினின் ஹொக்கைடோ ஆர்க் நிறுத்தப்பட்டது. 2018 ஜூனில் மீண்டும் தொடங்கியது. 2023இல் புதிய குரல் நடிகர்கள், புதிய ஸ்டுடியோ என்று அனிமேயும் முதலிலிருந்து எடுக்கப்பட்டு ஒளிபரப்பானது.

இதை யாராவது எடுத்துச் சொன்னால் உடனே வரும் பதில், ‘படைப்பு வேறு, படைப்பாளி வேறு’ என்பது. இந்த நிலைப்பாட்டைச் சோம்பேறித்தனம் என்று ஒரே அடியில் தள்ளிவிட முடியாது. அனிமேயைப் பொறுத்தவரை அதில் கணிசமான நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் எதுவரை செல்லும், எங்கே தீர்ந்துபோகிறது என்று பார்ப்பதுதான் பயனுள்ள வேலை.

முதல் நியாயம், அனிமே ஒருவர் படைப்பல்ல. இதற்குக் கென்ஷினையே சாட்சிக்கு அழைக்கலாம். 1999இல் நான்கு பகுதிகளாக வீடியோவில் வெளிவந்த ‘ட்ரஸ்ட் அண்ட் பிட்ரேயல்’, நாயகன் கென்ஷினின் கடந்த காலத்தைச் சொல்வது. கதைக்கரு வாட்சுகியுடையது. ஆனால் திரையில் தெரிவது இயக்குநர் கசுஹிரோ ஃபுருஹாஷியின் பார்வை. மங்காவில் உருண்டைக் கண்ணும் கோமாளித்தனமுமாக வரும் முகங்களை அட்சுகோ நகாஜிமா ஒடுங்கிய, நிஜ மனிதர்களின் முகங்களாக மாற்றி வரைந்தார். தாக்கு இவசாகியின் இசை வாள்வீச்சுக்குத் துணையாக முழங்காமல் துக்கம் காக்கிறது. மங்காவின் நகைச்சுவை இங்கே அடியோடு நீக்கப்பட்டிருக்கிறது.

அதன் முதல் பகுதியில் ஒரு கொலை வருகிறது. இரவுத் தெருவில் இளம் கொலையாளி கென்ஷின் ஓர் அதிகாரியையும் அவருடைய காவலர்களையும் வெட்டிச் சாய்க்கிறான். அந்தக் காவலர்களில் ஒருவன் மட்டும் விழ மறுக்கிறான். கல்யாணம் நிச்சயமானவன், வாள்வித்தையில் பெரிய ஆளில்லை. சாக மாட்டேன் என்று எழுந்து எழுந்து வருகிறான். அவன் கத்தி எதிரியின் இடது கன்னத்தில் ஒரு கீறலைப் போட்டுவிடுகிறது. கென்ஷின் அவனைக் கொன்றுவிட்டுத் திரும்பிய பிறகும் அந்தக் கீறலில் ரத்தம் நிற்பதில்லை. இந்தக் காட்சியின் வேகம், ஒளி, இடையிலுள்ள மௌனம் எல்லாம் அனிமேட்டர்களும் இயக்குநரும் சேர்ந்து எடுத்த முடிவுகள். வாட்சுகியின் குற்றத்துக்காக இவர்கள் உழைப்பையும் சேர்த்துப் புதைத்துவிடச் சொல்வது அநியாயம்.

இரண்டாவது நியாயம், பெயரைப் பார்த்துக் கல்லெறிந்தால் குறி தப்பும். 2019 டிசம்பரில் காய்னாக்ஸ் என்ற அனிமே நிறுவனத்தின் தலைவர் பாலியல் குற்றச்சாட்டில் கைதானபோது, ‘எவாஞ்சலியன்’ தயாரித்த நிறுவனத்தின் தலைவர் கைது என்ற பாணியில் செய்திகள் வெளியாயின. எவாஞ்சலியனை உருவாக்கிய ஹிதேயாக்கி அன்னோ, 2006இலேயே காரா என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கி, காய்னாக்ஸை விட்டு வெளியேறியிருந்தார். கைதானவருக்கும் எவாஞ்சலியன் உருவாக்கத்துக்கும் தொடர்பில்லை என்று அன்னோ தரப்பு வெளிப்படையாக விளக்க வேண்டிவந்தது. யார் எதைச் செய்தார் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் இல்லாவிட்டால் கோபம் இப்படித்தான் சம்பந்தமில்லாதவர் தலையில் விடியும்.

ஆக, ஒரு படைப்பின் கலைத்தரத்தை எடைபோடும்போது படைப்பாளியின் நடத்தையைத் தராசில் வைக்க வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டின் அந்த நான்கு பகுதிகளும் 2017க்குப் பிறகு தரம் குறைந்துவிடவில்லை.

சிக்கல், பரிந்துரைப்பது என்பது தரம்பார்ப்பது மட்டுமல்ல என்பதில்தான் இருக்கிறது. பரிந்துரை ஒரு செயல். ஒருவர் சொல்ல, இன்னொருவர் பார்க்கிறார், பிடித்துப்போனால் புத்தகம் வாங்குகிறார், மூன்றாமவருக்குச் சொல்கிறார். இங்கே பணமும் நகர்கிறது.

அந்தப் பணம் போகும் வழி பலர் நினைப்பதுபோல் இல்லை. ஜப்பானில் பெரும்பாலான அனிமேக்களுக்குப் பணம் போடுவது தயாரிப்புக் குழு. பதிப்பகம், தொலைக்காட்சி, இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் என்று பலர் பங்குபோட்டு முதலீடு செய்து, லாபத்தையும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். மூலக்கதை எழுதியவருக்குக் கிடைப்பது கதையைப் பயன்படுத்துவதற்கான கட்டணம். அது பல சமயம் சொற்பம். ‘தெர்மே ரோமே’ மங்காவைப் படைத்த மாரி யமசாகி 2013இல் இதைப் பொதுவெளியில் சொன்னபோது ஜப்பானே அதிர்ந்தது. அந்தக் கதையை வைத்து எடுத்த திரைப்படம் 500 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. அவருக்கு வந்தது சுமார் 10 லட்சம் யென்.

அப்படியானால் அனிமேயைப் பார்ப்பதால் வாட்சுகிக்கு ஒன்றும் போய்ச் சேராது என்று முடிவுகட்டலாமா? கூடாது. எழுத்தாளருக்கு வருமானம் தருவது மங்கா புத்தகம். அங்கே விலையில் பத்தில் ஒரு பங்கு ராயல்டி என்பது பரவலான வழக்கம். அனிமே அந்தப் புத்தகத்தை விற்றுத் தரும் மிகப்பெரிய விளம்பரம். ‘டீமன் ஸ்லேயர்’ மங்கா 2016 முதல் வந்துகொண்டிருந்தாலும், 2019 ஏப்ரலில் அனிமே தொடங்கிய பிறகுதான் விற்பனை சூறாவளியானது. 2020 முடிவதற்குள் 10 கோடி பிரதிகளைக் கடந்தது. கென்ஷின் மங்காவோ ஏற்கெனவே 7 கோடி பிரதிகளைத் தாண்டியது. அதன் புதிய அனிமே, இன்றும் வெளிவந்துகொண்டிருக்கும் மங்காவுக்கு வாசகரைக் கூட்டிவருகிறது. ‘படைப்பு வேறு, படைப்பாளி வேறு’ என்பது ரசனையில் செல்லும்; ரொக்கத்தில் செல்லாது.

அடுத்த குறை இதைவிடக் கூர்மையானது. இந்த வாதத்தை வைப்பவர்கள் கென்ஷின் கதையே அதை மறுக்கிறது என்பதைக் கவனிப்பதில்லை. கென்ஷின் என்ன செய்கிறான்? கொன்றவன் வேறு, இப்போது வாழ்பவன் வேறு என்று சொல்லித் தப்பிப்பதில்லை. இனிக் கொல்வதில்லை என்று சபதமெடுத்து, கூர்விளிம்பு தன் பக்கம் திரும்பிய வாளை ஏந்திப் பத்தாண்டுகள் ஊரூராக அலைகிறான். கன்னத்துத் தழும்பு எல்லோருக்கும் தெரியும்படியே இருக்கிறது. தன்னால் அழிந்தவர்களின் உறவினர் எதிரே வந்து நிற்கும்போது ஒளிவதில்லை. செய்ததற்குப் பொறுப்பேற்பது என்றால் என்ன என்று பல ஆயிரம் பக்கங்களில் கேட்ட கதை, அதன் ஆசிரியருக்கு 2 லட்சம் யென் அபராதமும் சில மாத இடைவெளியும் போதும் என்ற கணக்கோடு நின்றுவிட்டது. கதையை நேசிக்கும் ரசிகருக்கு இது உறுத்தத்தான் வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டது கென்ஷினின் பதிப்பகமான ஷூயேஷா. அதுவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி போடவில்லை. ஷூயேஷாவின் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ இதழில் வெளிவந்த ‘ஆக்ட்-ஏஜ்’ மங்காவின் எழுத்தாளர் தட்சுயா மட்சுகி, பள்ளி மாணவியிடம் தெருவில் பாலியல் அத்துமீறல் செய்ததாக 2020 ஆகஸ்ட் 8 அன்று கைதானார். இரண்டே நாளில் தொடர் நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. புத்தகங்களின் விநியோகமும் நின்றது. பின்னர் அவருக்கு ஒன்றரை ஆண்டுச் சிறை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக விதிக்கப்பட்டது. இங்கே குற்றத்துக்கு நேரடியாக இலக்கான சிறுமி இருந்தார் என்பதால் வேகம் நியாயமே. ஆனால் டிவிடிகளில் இருந்த குழந்தைகளும் நிஜக் குழந்தைகள்தாம். அவர்களுக்கு முகமில்லை என்பதால் கென்ஷினுக்குச் சலுகை கிடைத்ததா, அதன் 7 கோடி பிரதிகளால் கிடைத்ததா என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. அதே ஜம்ப் இதழில் 2002இல், சிறுமிக்குப் பணம் கொடுத்துப் பாலுறவு கொண்ட வழக்கில் கைதாகித் தொடரை இழந்த மிட்சுதோஷி ஷிமாபுக்குரோ, 2008இல் ‘டோரிகோ’வுடன் திரும்பினார். 2011இல் அது அனிமே ஆனது. 2013இல் ஜம்ப் இதழின் புகழ்பெற்ற நாயகர்களான லூஃபி, கோகு ஆகியோருடன் டோரிகோவும் ஒரே தொலைக்காட்சிச் சிறப்பு எபிசோடில் தோன்றினான்.

ஆக்ட்-ஏஜில் குற்றமே செய்யாமல் இழந்தவர், அதை வரைந்த ஷிரோ உசாஸாக்கி. அவருடைய முதல் தொடர் அது. மற்றவர் குற்றத்தால் உழைப்பு பாதியில் அறுந்தபோது, அவர் வெளியிட்ட அறிக்கை பாதிக்கப்பட்டவர்களை முன்னிறுத்தியது. அவர்கள் நிலையை எண்ணினால் தொடரை நிறுத்தியது பொருத்தமே என்றார். படைப்பையும் படைப்பாளியையும் பிரித்துப் பார்க்கும்படி கேட்க எல்லோரையும்விட உரிமை உள்ளவர் அவர்தான். அவர் அதைக் கேட்கவில்லை. படைப்பு பொதுவெளியில் உலவுவதே சிலருக்குக் காயத்தைக் கிளறும் என்பதை ரசிகர்களுக்கு முன்பே அந்த ஓவியர் கண்டிருந்தார்.

தமிழ்நாட்டுக்கும் இந்த விவாதம் தூரத்து விஷயமில்லை. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ தமிழ் டப்பிங்கிலேயே திரையரங்குகளுக்கு வந்தது. அனிமே பார்க்கத் தொடங்கும் வயது இங்கே குறைந்துகொண்டே வருகிறது. அடுத்து என்ன பார்க்கலாம் என்று அக்காவையும் அண்ணனையும் நண்பனையும்தான் பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தப் பதில் விமர்சகர் எழுதும் மதிப்புரையைவிட அதிகம் மதிக்கப்படுகிறது. ஃபில்லரைச் சொல்லத் தெரிந்த ஒருவர், கேட்பவரின் முடிவைப் பாதிக்கக்கூடிய இன்னொரு தகவலை மறைக்கும்போது, கேட்டவரின் இடத்தில் தானே முடிவெடுத்துவிடுகிறார். படைப்பையும் படைப்பாளியையும் பிரித்துப் பார்ப்பதா இல்லையா என்பது பார்க்கப்போகிறவரின் உரிமை. விவரம் தெரியாதவருக்கு அந்த உரிமை கிடைப்பதேயில்லை. ‘தெரிந்திருந்தால் பார்த்திருக்க மாட்டேன்’ என்று ஒருவர் பிறகு சொல்லும்படி ஆனால், அந்தத் தொடர் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் பரிந்துரை தோற்றது என்றே பொருள்.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால் கென்ஷின் விஷயத்தில் ஒரு முடிவுக்கு வர முடியும். 1999இன் ‘ட்ரஸ்ட் அண்ட் பிட்ரேயல்’ பரிந்துரைக்கத் தகுந்தது; ரத்தமும் மரணமும் நிறைந்தது என்பதால் வளர்ந்தவர்களுக்கு மட்டும். 1996 தொடரின் முதல் 62 எபிசோடுகளையும் தயங்காமல் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டும் எப்போதோ முடிந்துபோன, பலர் கைபட்ட வேலைகள். 2023 அனிமேயும் தொடரும் மங்காவும் வேறு வகை. அவை தீர்ப்புக்குப் பிறகு, அந்தத் தீர்ப்பு தெரிந்தே கட்டப்பட்ட வியாபாரம். அவற்றுக்காகப் பரிந்து பேச வேண்டிய கட்டாயம் ரசிகருக்கு இல்லை. எதைச் சொன்னாலும் வாட்சுகியின் வழக்கை இரண்டு வரியில் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த எபிசோடோடு நிறுத்தலாம் என்று சொல்வதற்கு முன்பாகவே சொல்லுங்கள்.